சட்டியில் இருப்பதை அகப்பைக்குக் கொண்டுவருவது: கறிக்கோழித் தீவனத்தில் என்சைம்

ஒரு கிலோ கறிக்கோழித் தீவனத்தை ஆய்வகத்தில் எரித்துப் பார்த்தால் சுமார் 4,000 கிலோகலோரி வெப்பம் வரும். தீவனம் வகுப்பவர் கோழிக்குக் கிடைக்கும் என்று கணக்கில் எழுதுவதோ 3,000 முதல் 3,200 வரைதான். மீதி எங்கே? கூளத்தில், அதாவது கொட்டகைத் தரையில் எச்சம் சேரும் படுக்கையில். தின்ற தீவனம் சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடுகிறது. அதிலிருந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோழிக்குப் பயன்படாமல் எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிற தொழிலில் இதைச் சின்ன ஒழுகல் என்று விட்டுவிட முடியாது.

கோழியைக் குறை சொல்லியும் பயனில்லை. பொரிக்கும்போது 40 கிராம் சொச்சம் இருக்கும் குஞ்சு, 35 நாளில் 2 கிலோவைத் தாண்டுகிறது. அதன் குடல் குட்டை, நேரமும் குறைவு. அதோடு நாம் கொடுக்கும் தானியமும் புண்ணாக்கும் கோழிக்காக உருவானவை இல்லை. விதை என்பது தாவரம் தன் முளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. பாஸ்பரஸை ஒரு மூலக்கூறுக்குள் பூட்டி, மாவையும் புரதத்தையும் நார்ச் சுவருக்குள் அடைத்து வைத்திருக்கிறது. முளைக்கும் நேரத்தில் அதைத் திறக்க விதையே என்சைம், அதாவது நொதி, தயாரித்துக்கொள்ளும். கோழிக்கு அந்த வசதி இல்லை, அல்லது போதுமான அளவு இல்லை. அதைத்தான் நாம் வெளியிலிருந்து தீவனத்தில் கலந்து கொடுக்கிறோம். பூஞ்சை, பாக்டீரியா, ஈஸ்ட் ஆகியவற்றைப் பெரிய கொதிகலன் போன்ற தொட்டிகளில் வளர்த்து எடுக்கும் புரதங்கள் இவை.

இங்கே ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்சைம் தீவனத்துக்குள் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஒவ்வொரு என்சைமும் ஒரு குறிப்பிட்ட வகைப் பிணைப்பைத்தான் வெட்டும். அந்தப் பிணைப்பு தீவனத்தில் இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த பொட்டலமானாலும் அது வெறும் மாவு. "எந்தக் கம்பெனி என்சைம் நல்லது?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். நம் தீவனத்தில் எது பூட்டிக் கிடக்கிறது, எவ்வளவு என்று பார்த்துவிட்டால் அந்தக் கேள்வி பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

பைட்டேஸ்: கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

தீவன என்சைம்களில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தன்னை நிரூபித்துக்கொண்டது பைட்டேஸ்தான். தானியங்களிலும் புண்ணாக்குகளிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவத்தில் இருக்கிறது. ஐனோசிட்டால் என்ற வளையத்தில் ஆறு பாஸ்பேட்டுகள் தொங்கும் மூலக்கூறு அது. கோழிக்கு இதைப் பிரிக்கும் திறன் மிகக் குறைவு. பைட்டேஸ் செய்வது அந்த வேலையைத்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்போம். இங்கே வாய்க்கும் எட்டிவிட்டது, எலும்புக்குத்தான் எட்டவில்லை.

ஒரு டன் தீவனத்தில் 650 கிலோ மக்காச்சோளமும் 280 கிலோ சோயா புண்ணாக்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் பைட்டேட்டாக இருக்கும் பாஸ்பரஸ் சுமார் 0.2 சதவீதம், சோயா புண்ணாக்கில் சுமார் 0.4 சதவீதம். முதலாவதிலிருந்து 1.3 கிலோ, இரண்டாவதிலிருந்து 1.1 கிலோ, மொத்தம் 2.4 கிலோ பாஸ்பரஸ் பூட்டிக் கிடக்கிறது. பைட்டேஸ் அதில் பாதியைத் திறந்துவிட்டால் 1.2 கிலோ. 18 சதவீதம் பாஸ்பரஸ் உள்ள டைகால்சியம் பாஸ்பேட்டாக, அதாவது டிசிபியாக, இதை வாங்கிப் போடுவதென்றால் ஆறரை கிலோவுக்கு மேல் வேண்டும்.

அந்த ஆறரை கிலோவுக்குப் பதிலாக எவ்வளவு பைட்டேஸ் போடுகிறோம்? வழக்கமான அளவு ஒரு கிலோ தீவனத்துக்கு 500 அலகு. கிராமுக்கு 5,000 அலகு உள்ள பொடி என்றால் டன்னுக்கு 100 கிராம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு! நாளுக்கு 20 கிராம் தின்னும் சின்னக் குஞ்சின் வயிற்றுக்குள் போவது 2 மில்லிகிராம் பொடி. அதனால்தான் 100 கிராமை நேராக மிக்சரில் கொட்டக் கூடாது. முதலில் சில கிலோ மாவிலோ பிரிமிக்ஸிலோ (வைட்டமின், தாது உப்புகளின் முன்கலவை) நன்றாகக் கலந்து, பிறகு பெரிய கலவையில் சேர்க்க வேண்டும். கலவை சரியில்லையென்றால் ஒரு கோழிக்கு இரட்டிப்பாகவும் பக்கத்துக் கோழிக்கு ஒன்றுமில்லாமலும் போகும். சராசரி என்னவோ சரியாகத்தான் இருக்கும்.

அந்த அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்டியு என்று பொட்டலத்தில் எழுதியிருப்பது, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5-லும் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் என்சைமின் அளவு. கோழியின் உடல் வெப்பமோ 41 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பைட்டேஸ் பெரும்பாலும் வேலை செய்யும் இடங்கள் தீனிப்பையும் அரைவைப்பையும். அரைவைப்பையின் பிஹெச் 5.5-ஐ விட நன்றாகக் கீழே இறங்கும், கூடவே புரதங்களை வெட்டும் பெப்சினும் இருக்கும். என்சைமும் புரதம்தானே? தன் வேலையை முடிப்பதற்குள் தானே செரிக்கப்பட்டுவிடும் ஆபத்து அதற்கு உண்டு. ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து பெற்ற பைட்டேஸ் வகைகள், முதலில் வந்த ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வகைகளைவிடப் பெப்சினை நன்றாகத் தாங்குகின்றன. ஆகவே இரண்டு பொட்டலத்தில் ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் கோழி வயிற்றுக்குள் அவை ஒரே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது.

பைட்டேட் சும்மா பூட்டிக்கொண்டு இருந்தால்கூடப் பரவாயில்லை. அது கால்சியம், துத்தநாகம், இரும்பு என்று கண்டதையும் பிடித்துக்கொள்ளும். வயிற்றின் அமிலச் சூழலில் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு அதைப் பெப்சினுக்கு எட்டாமல் செய்யும். இதனால்தான் 1,500 எஃப்டியுவும் அதற்கு மேலும் கொடுக்கும் வழக்கம் வந்தது. பாஸ்பரஸ் கிடைப்பது மட்டும் அங்கே நோக்கம் இல்லை. பைட்டேட்டைச் சீக்கிரமாகவும் முடிந்தவரை முழுதாகவும் உடைத்து அதன் தொல்லையை ஒழிப்பதுதான். ஆறு பாஸ்பேட்டில் இரண்டு மூன்று உதிர்ந்தாலே அதன் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும்.

இந்த என்சைம் சந்தைக்கு வந்த கதையில் கோழியைவிட மண்ணுக்கும் நீருக்கும் பங்கு அதிகம். 1991-இல் நெதர்லாந்தில் பைட்டேஸ் தீவனச் சந்தைக்கு வந்தபோது, கால்நடைக் கழிவிலிருந்து மண்ணிலும் நீர்நிலைகளிலும் சேரும் பாஸ்பேட்டுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. எச்சத்தோடு போகும் பாஸ்பரஸ் ஏரியில் சேர்ந்தால் பாசி பெருகும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். அப்போது டிசிபியைவிடப் பைட்டேஸ் விலை கூடுதலாக இருந்த இடங்களில் சட்டம்தான் அதை நகர்த்தியது. பின்னாளில் என்சைம் மலிந்தது, பாஸ்பேட் விலை ஏறியது, சட்டம் இல்லாத இடங்களிலும் பைட்டேஸ் தானாகவே புகுந்துவிட்டது.

சுண்ணாம்பு செய்யும் குறும்பு

பைட்டேஸ் சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார் வந்தால், பொட்டலத்தைச் சந்தேகிக்கும் முன் சுண்ணாம்புக்கல் தூளைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தீவனத்தில் மலிவான பொருள் அதுதான். ஃபார்முலாவில் கடைசியில் இடம் மிச்சம் இருந்தால் கை தாராளமாகப் போகிற பொருளும் அதுதான். ஆனால் சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். தீனிப்பையிலும் அரைவைப்பையிலும் பிஹெச் ஏறும். கரைந்த கால்சியம் பைட்டேட்டோடு சேர்ந்து, சிறுகுடலுக்குப் போனதும் கரையாத கட்டியாகிவிடும். கரையாததை என்சைம் தொட முடியாது. மாவு போல நைசாக அரைத்த சுண்ணாம்பு சீக்கிரம் கரைவதால் இந்தத் தொல்லை அதிகம், சற்றுக் கரகரப்பாக இருந்தால் குறைவு.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. பைட்டேஸ் பாஸ்பரஸோடு கால்சியத்தையும் விடுவிக்கிறது. ஃபார்முலாவில் பாஸ்பரஸை மட்டும் குறைத்துவிட்டுக் கால்சியத்தை அப்படியே விட்டால் இரண்டுக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போகும். எடை குறையும், என்சைமுக்குக் கெட்ட பெயர் வரும்.

எல்லாம் மோசமாகப் போனால் என்ன ஆகும் என்பதைக் குஞ்சைக் கையில் எடுத்தே பார்க்கலாம். டிசிபியைக் குறைத்தாகிவிட்டது, ஆனால் பைட்டேஸ் ஏதோ காரணத்தால் செத்துவிட்டது என்றால், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் குஞ்சுகள் அதிகமாக உட்கார ஆரம்பிக்கும். நடக்கச் சொன்னால் இரண்டடி வைத்து மறுபடி உட்காரும். அலகை விரலால் அழுத்தினால் ரப்பர் போல வளையும். இறந்த குஞ்சின் காலெலும்பை எடுத்து மடக்கினால் படக்கென்று முறியாமல் வளைந்துகொடுக்கும். அந்த நேரத்தில் ஒரு மூட்டை டிசிபியை அவசரமாகக் கலந்தாலும் கோணிப்போன கால்கள் பலவும் நேராகாது.

சிக்குக் கயிறும் கத்தரிக்கோலும்

கோதுமை, பார்லி, கோதுமைக்கு உறவான தானியமான ரை ஆகியவற்றைத் தீவனத்தில் சேர்க்கும் நாடுகளில் என்சைம் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. கோதுமையிலும் ரையிலும் அரபினோசைலன், பார்லியிலும் ஓட்ஸிலும் பீட்டா-குளுக்கன் என்ற நார்ப்பொருள்கள் உண்டு. இவற்றில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும். கரைந்ததும் குடலுக்குள் இருப்பது கஞ்சிப்பசை மாதிரி ஆகிவிடும். அந்தப் பசைக்குள் கோழியின் சொந்த என்சைம்கள் நகர முடியாமல் திணறும். அதிகம் அடிபடுவது கொழுப்புச் செரிமானம், அதிலும் இளம் குஞ்சுகளில், அதிலும் மாட்டுக் கொழுப்பு போன்ற கெட்டிக் கொழுப்பு கொடுத்தால். வெளியே தெரியும் அடையாளம்: எச்சத் துவாரத்தைச் சுற்றிக் காய்ந்து ஒட்டிக்கொண்ட எச்சம், கையில் எடுத்தால் உதிராமல் அப்பிக்கொள்ளும் கூளம்.

அரபினோசைலனை வெட்டும் சைலனேஸும் பீட்டா-குளுக்கனை வெட்டும் பீட்டா-குளுக்கனேஸும் இங்கே கத்தரிக்கோல். நீளமான கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நடுவில் நாலைந்து இடத்தில் நறுக்கினால் சிக்கே இருக்காது. அவ்வளவுதான் வேலை. அந்த நாரை முழுக்கச் சர்க்கரையாக உடைத்துக் கோழிக்கு ஊட்டுவதுதான் என்சைமின் பயன் என்று சிலர் நினைக்கிறார்கள். அரபினோசைலன் முழுதாக உடைந்தால் கிடைப்பது சைலோஸும் அரபினோஸும். இரண்டையும் கோழி சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது, அதிகமானால் வளர்ச்சியே குறையும். துண்டு துண்டாக நறுக்கிவிடுவதுதான் நல்லது. அந்தத் துண்டுகளில் சில குடலின் கடைசிப் பகுதிக்குப் போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகின்றன.

பார்லி விஷயம் பழையது. பூஞ்சையிலிருந்து எடுத்த என்சைம் பொருளைக் கோழிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1926-லேயே அச்சாகியிருக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பார்லித் தீவனத்தில் என்சைம் சேர்த்தால் குஞ்சு நன்றாக வளர்கிறது என்று காட்டினார்கள். ஆனாலும் மலிவாகத் தயாரிக்க வழி தெரியாததால் 1980-கள் வரை அது ஆய்வுத் தாளிலேயே தங்கிவிட்டது.

மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் உள்ள தீவனத்தில் இந்தப் பிசுபிசுப்பு ஏறக்குறைய கிடையாது. மக்காச்சோளத்தில் உள்ள நார் பெரும்பாலும் கரையாத வகை. அங்கே சைலனேஸ் செய்யக்கூடியது, மாவையும் புரதத்தையும் அடைத்துவைத்திருக்கும் செல் சுவரில் ஓட்டை போடுவது. பயன் உண்டு, ஆனால் கோதுமையில் கிடைத்த அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. கோதுமைத் தீவனத்தில் எடுத்த ஆய்வு முடிவை மக்காச்சோளத் தீவனம் போடுபவரிடம் காட்டி விற்பது நியாயமில்லை.

மற்றவை சுருக்கமாக. புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் கோழிக்கே நிறைய உண்டு. வெளியிலிருந்து கொடுப்பது அதற்கு ஒரு கைத்தாங்கல்தான். இருந்தாலும் செரிக்காத புரதம் குடலின் பின்பகுதிக்குப் போய் அழுகினால் குளோஸ்டிரிடியம் போன்ற கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதைக் குறைப்பதும், கூளத்தில் நைட்ரஜன் குறைந்து அமோனியா நெடி தணிவதும் இதன் மதிப்பில் சேர வேண்டியவை. சோயா புண்ணாக்கை அளவுக்கு மேல் வறுத்துக் கருக்கிவிட்டால், அதில் சர்க்கரையோடு பிணைந்துபோன லைசின் என்ற அமினோ அமிலத்தை எந்தப் புரோட்டியேஸும் மீட்டுத் தராது. பீட்டா-மன்னனேஸ் குவார் (கொத்தவரை) புண்ணாக்கு, சோயா போன்றவற்றில் உள்ள மன்னன் என்ற நாருக்கு. குடல் அதைக் கிருமி என்று தவறாக எடுத்துக்கொண்டு வீணாக எதிர்ப்புச் சக்தியைச் செலவிடுவதைத் தடுக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. மக்காச்சோள மாவுச்சத்து கோழியில் ஏற்கெனவே 95 சதவீதத்தை ஒட்டிச் செரிக்கிறது.

எழுதுவதும் கொதிக்க வைப்பதும்

என்சைமைப் பயன்படுத்த இரண்டு வழி. ஃபார்முலாவை அப்படியே வைத்துக்கொண்டு மேலே தூவுவது ஒன்று. அப்போது எஃப்சிஆர் சற்று மேம்பட வேண்டும், அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம் குறைய வேண்டும். இன்னொன்று, என்சைம் எவ்வளவு பாஸ்பரஸ், கால்சியம், ஆற்றல், அமினோ அமிலம் தரும் என்று ஒரு மதிப்பைக் கணக்கில் எழுதி, அந்த அளவுக்கு டிசிபியையும் எண்ணெயையும் புண்ணாக்கையும் குறைப்பது. இந்த மதிப்புப் பட்டியலைத் தொழிலில் மேட்ரிக்ஸ் என்பார்கள். லாபம் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவதில்தான், கை சுடுவதும் அதில்தான்.

மூன்று என்சைம் வாங்கி, மூன்றின் மேட்ரிக்ஸையும் கூட்டி எழுதுவது தெரிந்தே செய்யும் தவறு. செரிக்காமல் மிச்சமிருப்பது ஒரே குவியல். அதிலிருந்து பைட்டேஸ் கொஞ்சம் எடுத்தபின் சைலனேஸுக்கு மிஞ்சுவது குறைவு, புரோட்டியேஸுக்கு இன்னும் குறைவு. ஒரே பணத்தை மூன்று பேர் தனித்தனியாக வசூலித்ததாகக் கணக்கு எழுதினால் கல்லா இடிக்கத்தான் செய்யும். அதுபோலவே, ஏற்கெனவே நன்றாகச் செரிக்கும் தரமான தீவனத்தில் என்சைமின் பலன் சிறிதாகவும், சுமாரான மூலப்பொருளில் பெரிதாகவும் தெரியும்.

அப்புறம் வெப்பம். பெல்லட் தீவனம், அதாவது அழுத்திச் செய்த குச்சித் தீவனம், செய்யும்போது மாவை நீராவியில் 75 முதல் 90 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். கிருமி சாகவும் பெல்லட் உறுதியாக இருக்கவும் அது தேவை. முட்டை வெந்தால் மறுபடி இளகாத மாதிரி, சூட்டில் உருக்குலைந்த என்சைமும் திரும்பி வராது. இதற்கு மூன்று வழி கண்டிருக்கிறார்கள்: இயல்பாகவே சூடு தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுப்பது, மணியாக்கி மேலே பூச்சு கொடுப்பது, பெல்லட் ஆறியபின் திரவமாகத் தெளிப்பது. பூச்சு கெட்டியாக இருந்தால் சூட்டைத் தாங்கும். ஆனால் கோழியின் தீனிப்பையில் சீக்கிரம் கரையாமல் நேரத்தை வீணாக்கும். தெளிப்பதென்றால் முனை அடைத்துக்கொள்ளும், சில பெல்லட் நனையும், சில நனையாது. கிடங்கிலும் கவனம் வேண்டும். ஈரத்தை இழுக்கும் கோலின் குளோரைடும் தாது உப்புகளும் உள்ள பிரிமிக்ஸோடு மாதக்கணக்கில் கிடந்தால் என்சைம் மெல்ல மங்கும்.

மிக்சரில் போட்ட அளவை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். கோழியின் முன்னால் உள்ள தீவனத் தட்டிலிருந்து மாதிரி எடுத்து, அதில் எத்தனை அலகு உயிரோடு இருக்கிறது என்று சோதிக்கக் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு பிடி எடுத்தால் போதாது, பல மூட்டையிலிருந்து எடுத்துக் கலக்க வேண்டும்.

பண்ணையில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் என்சைம் போட்ட கொட்டகையையும் போடாத கொட்டகையையும் ஒப்பிட்டு முடித்துக்கொள்கிறார்கள். மேட்ரிக்ஸ் எழுதி டிசிபியைக் குறைக்கப் போகிறவருக்கு அது போதாது, மூன்று தீவனம் வேண்டும். முழு ஃபார்முலா ஒன்று. டிசிபியும் மற்றவையும் குறைத்து, என்சைம் சேர்க்காதது இரண்டாவது. அதே குறைத்த ஃபார்முலாவில் என்சைம் சேர்த்தது மூன்றாவது. இரண்டாவது பின்தங்கி, மூன்றாவது முதலாவதை எட்டிப் பிடித்தால் என்சைம் சொன்னதைச் செய்திருக்கிறது. எலும்பையும் பார்க்க வேண்டும், எடை மட்டும் போதாது. சில சமயம் மூன்றும் ஒரே மாதிரி வந்துவிடும். உடனே என்சைம் ஜெயித்துவிட்டது என்று அறிக்கை எழுதுவார்கள். ஆனால் குறைத்த தீவனத்தில் என்சைம் இல்லாமலே கோழி நன்றாக வளர்ந்திருக்கிறதே! தேவைக்கு மேல் டிசிபி போட்டுக்கொண்டிருந்தோம் என்பதுதான் அந்தச் சோதனையில் தெரியவந்தது. என்சைமைப் பற்றி அது இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.